உப்புத் தண்ணீர் தொடங்கும் இடம்

கடந்த ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கியூபெக் நகருக்குச் சற்று அப்பால், ஆற்றோரச் செங்குத்துப் பாறைமேல் இருக்கும் மொன்மொரென்சி அருவிப் பூங்காவுக்குப் போனோம். இலை நிறம் பார்க்கிற பருவம்தான். ஆனால் நாங்கள் போனது என் அக்கா ஆற்றைப் பார்க்க வேண்டுமென்று கேட்டதால்.

மூன்று கோடைகளுக்கு முன் அக்காவின் மகன் மொன்றியலில் நண்பர்களோடு படகில் போய் சென் லோரன்ஸ் ஆற்றில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. அதன்பின் அக்கா அந்த ஆற்றைக் கடப்பதே இல்லை. மறுகரையில் லொங்குய்யில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்தும் போகவில்லை. மெட்ரோவும் ஆற்றுக்கு அடியால்தான் போகிறது என்று அதிலும் ஏறமாட்டார். மகள்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். "எப்பம்மா எங்கட வீட்டை வருவியள்?" என்று கேட்டால் அக்கா பேச்சை மாற்றிவிடுவார். திடீரென்று ஒருநாள் அக்காவே, "கிட்டப் போகேலாது. உயரத்தில நிண்டு ஒருக்காப் பாக்கோணும்," என்றார்.

மொன்றியலில் நாங்கள் இருக்கும் லாசாலில் இருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். வடகரையோடு போகும் 40ஆம் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 265 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். மேல் வாசலில் காரை நிறுத்தி நடந்தோம். அருவியின் இரைச்சலுக்கு அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. விளிம்புக் கம்பியைப் பிடித்தபடி கீழே ஆற்றையே பார்த்தார். எனக்குப் பயம். அவருடைய சால்வை நுனியை விடாமல் பிடித்திருந்தேன்.

"இது எங்கட மொன்றியல் ஆறுதானே?"

"ஓம் அக்கா."

"இதுக்கங்கால எங்க போகுது?"

பக்கத்தில் நாயோடு நின்ற பெண்ணிடம் பிரெஞ்சில் கேட்டேன். எதிரே தெரிந்த ஓர்லியன் தீவைக் காட்டி, அதன் மறுமுனையில் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கும், பிறகு கடல்தான் என்றார். அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்ப பிள்ளை கடலுக்குப் போய்ச் சேர்ந்திட்டான்," என்றார் அக்கா. அந்தக் குளிரில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். உடல் இல்லாமலே நடந்த செத்தவீட்டிலும் அழாதவர் அப்போது அழுதார். அந்தப் பெண் நாயை இழுத்துக்கொண்டு மெல்ல விலகிப் போனார்.

காரில் ஏறியதும், "அங்காலக் கரையாலயும் றோட்டு இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு. பாலம் கடக்கோணும்."

"அதால போவம். பேரப்பிள்ளையைப் பாத்திட்டுப் போவம்."

போகிறவர்களுக்கு: வயதானவர்களோடு போனால் மேல் வாசலே வசதி, கீழே நிறுத்தினால் கேபிள் கார் உண்டு. கட்டணம் பருவத்துக்குப் பருவம் மாறும், முதலே பாருங்கள். காற்று பலமாக அடிக்கும். திரும்பும்போது தென்கரையின் 20ஆம் சாலையும் ஏறக்குறைய அதே தூரம்தான்.

நாங்கள் அதில்தான் வந்தோம். லொங்குய்யில் மகள் கதவைத் திறந்தாள். குழந்தையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, குசினிக்குள் போய் அழுதாள்.