கடைசி எழுத்தின் புள்ளி

"பேனை புடிச்ச கையால மரம் அறுக்கப் போறாவாம். விரல் கவனம் புள்ள!"

மாமா பகிடிக்குத்தான் சொன்னார். அப்பா இறந்து இருபத்தாறு நாளான வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மேசையில் வைத்து மரம் அறுக்கிற அந்தச் சின்ன வாள் மெசின் என்னுடையது. நூல் போன்ற அலகு மேலும் கீழும் ஓடும். பலகையைத்தான் நாம் திருப்ப வேண்டும். லீவு நாட்களில் மீனும் பூவும் வெட்டிப் பழகியிருந்தேன். இந்த முறை அப்பாவின் பெயர். முப்பத்தோராம் நாள் கிரியையில் அவருடைய படத்துக்கு முன்னால் வைப்பதற்கு.

அப்பா வாவியில் மீன் பிடித்தவர். கைநாட்டுத்தான். அடையாள அட்டையில் அவர் பெயரை யாரோ பிழையாக எழுதிவிட்டார்கள். அது தெரியாமலேயே வாழ்ந்து முடித்தார். மரணச் சான்றிதழிலும் அதே பிழை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஒரு தடவையாவது அந்தப் பெயர் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எழுத்துகள் தனித்தனியே விழாதபடி அடியில் ஒரு பட்டையோடு சேர்த்து வரைந்தேன். சுழிகளுக்குள் துளையிட்டு, அலகைக் கழற்றி உள்ளே கோத்து, இரண்டு நாள் வெட்டினேன். தூக்கிக் காட்டியபோது மாமாவின் குரல் மாறிவிட்டது.

"நல்லா இரிக்கி புள்ள. மச்சான் பாத்திருக்கோணும்."

அம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தடவி அழுதார். அவருடைய விரல் கடைசி எழுத்துக்கு வந்தபோதுதான் கண்டேன். அதன் மேல் புள்ளி இல்லை. தாளில் வரைந்த புள்ளி எதிலும் ஒட்டாமல் நின்றது. வெட்டியதும் கழிவோடு விழுந்திருக்கிறது.

"அம்மா, இதில கிடந்த துண்டெல்லாம் எங்க?"

"கூட்டி அடுப்புக்க போட்டுட்டன் மகள். ஏன், என்னவும் குறையுதா?"

"இல்ல" என்றேன்.

அவர்கள் இருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அட்டையில் எழுதியவரும் இப்படித்தான் நினைத்திருப்பார், யாருக்குத் தெரியப்போகிறது என்று. இவ்வளவு படித்து நானும் அந்த இடத்தில்தான் வந்து நின்றேன்.

"குறையுது அம்மா. பிழை என்னிலதான்."

"அப்ப திரும்ப வெட்டு" என்றார் அம்மா. வேறொன்றும் கேட்கவில்லை.

புதுப் பலகையில் புள்ளியை ஒரு மெல்லிய காம்பால் எழுத்தோடு சேர்த்து வரைந்தேன். இந்த முறை கடைசி எழுத்திலிருந்து தொடங்கினேன். புள்ளியைச் சுற்றி அலகு வந்துவிட்டது. விழவில்லை. மற்ற எழுத்துகளை இனித்தான் வெட்ட வேண்டும்.