இறந்தவர்களைக் கொண்டு எழுதிய விண்ணப்பம்

உங்களைப் பற்றி ஐந்நூறு சொற்களுக்குள் ஒரு கடிதம் எழுதுக என்று முதல் சட்ட நிறுவனத்தின் விண்ணப்பப் படிவம் கேட்டது. நான் என் தங்கச்சியின் பெயர், வயது, உடல் கிடைத்த இடம் என்று தொடங்கினேன். அடுத்த வரியில் வீடு: முழுமையாகச் சேதம். அதற்கும் அடுத்து தோணி ஒன்று, வலை, இரண்டு மாடு. சட்டக் கல்லூரியில் நான் எடுத்த பெறுபேறுகள் நாலாவது பந்தியில்தான் வந்தன. கொழும்பிலுள்ள பதினொரு சட்ட நிறுவனங்களுக்கு இதே கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அனுப்பிய அன்று வெட்கப்படவில்லை. நன்றாக எழுதியிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்க என்னைப் பழக்கியவர்கள் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

சுனாமி வந்தபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். தேற்றாத்தீவில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்ட முதல் ஆள் நான்தான். அப்பா வாவியில் வலை போடுவார். வேளாண்மை வெட்டுக் காலத்தில் நெல்வயல் வட்டைக்குக் கூலிக்குப் போவார். அம்மாவுக்குக் கைநாட்டு. தங்கச்சியை அடக்கம் செய்த மூன்றாம் நாள், அகதி முகாமாகிவிட்ட என் பள்ளிக்கூடத்தில், என் வகுப்பறையில், ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊராருக்குப் படிவம் நிரப்பத் தொடங்கினேன். நிவாரணம் தர வந்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு படிவம். ஒருவர் கேட்டதையே அடுத்தவரும் கேட்டார். முதல் நாளிலேயே வெள்ளை வேனில் வந்த உத்தியோகத்தர் ஒருவர் எனக்கு வழி சொல்லித் தந்தார்.

“முதல்ல செத்த ஆக்கள எழுது தம்பி. மிச்சமெல்லாம் பிறகு. அதப் பாத்துத்தான் அவங்க அடுத்த பக்கம் திருப்புவாங்க.”

அவர் சொன்னது சரி. செத்தவர்களை முதலில் எழுதிய படிவங்களுக்குக் கூரைத் தகரம் வந்தது, தறப்பாள் வந்தது. ஒரு பெண் வரிசையில் நின்று தன் முறை வரும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டாள்: “என்ட மனிசன் தப்பிற்றார் தம்பி. அதால எங்களுக்கு ஒண்டும் கிடைக்காதோ?” நான் அவளுக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கேட்ட கேள்வி நினைவில் இருக்கிறது. புருஷன் உயிரோடிருப்பதை ஒரு குறைபாடு போலச் சொல்ல வைத்தார்களே, அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்களை ஒருநாளாவது அந்த வரிசையில் நிறுத்த வேண்டும்.

நான்கு வருஷம் கழித்து, சட்டக் கல்லூரியின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு இடம் தேடியபோது, என் கை தானாகவே அந்த ஒழுங்கில் எழுதியது. பரீட்சையில் தேறினால் மட்டும் சட்டத்தரணி ஆகிவிட முடியாது. ஒரு சீனியரிடம் ஆறு மாதம் பயிலுனராக இருந்து, அவர் கையெழுத்து வைத்த பிறகுதான் சத்தியப்பிரமாணம். அந்தச் சீனியரின் பெயரைக் குறித்த நாளுக்குள் கல்லூரியில் பதியவேண்டும். தவறினால் அடுத்த தடவைவரை காத்திருக்க வேண்டும். சக மாணவர்களுக்கு மாமா இருந்தார், மாமாவின் சிநேகிதர் இருந்தார். எனக்கு அந்தக் கடிதம் இருந்தது.

வெள்ளவத்தையில் என்னோடு அறை எடுத்திருந்தவன் காத்தான்குடிக்காரன், அவனும் சட்ட மாணவன். கடிதத்தின் பிரதியை வாசித்துவிட்டு கட்டிலில் சாய்ந்தான்.

“என்ன மச்சான் இது? வேலைக்குப் போடுற கடிதமா, மய்யித்து அடக்கின கணக்கா?”

“உண்மையத்தானே எழுதியிரிக்கன்.”

“உண்மைதான். ஆனா இதப் பாத்தா அவனுகள் உனக்கு வேல தரமாட்டானுகள். ரெண்டு தகரமும் ஒரு மூட சீமெந்தும் தந்து உட்டுருவானுகள்.”

நான் சிரிக்கவில்லை. நீ கடைக்காரன் மகன், உனக்கு என்ன தெரியும் என்று ஏசினேன். பத்து இடத்திலிருந்து பதில் வரவில்லை. பதினோராவது இடத்திலிருந்து தொலைபேசியில் நேர்முகத்துக்கு அழைத்தபோது அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த கிழமை அது. காலி வீதி முழுக்கக் கொடியும் வெடியும். ஒரு சந்தியில் பஸ்ஸை மறித்து எல்லாருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் அடுத்ததாக அடையாள அட்டையைக் கேட்பார்கள். அட்டையில் பிறந்த இடம் மட்டக்களப்பு என்றிருந்தது. வாங்கித் தின்றேன். வன்னியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாருக்கும் தெரியாத அந்த நாளில், பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்துச் சிரிக்க, நானும் சிரித்தேன். கையில் ஒட்டிய தேங்காய்ப்பாலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டுதான் நேர்முகத்துக்குள் போனேன்.

கண்ணாடி மேசைக்கு அப்பால் அந்த நிறுவனத்தின் பங்காளர் இருந்தார். ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண்மணி. முதலில் ஆங்கிலத்தில் நலம் விசாரித்தார். என் உச்சரிப்பைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். மாறியது என் வசதிக்காக என்று நினைத்திருப்பார். வீட்டு வேலைக்கு வரும் பிள்ளையோடு பேசும் தமிழ் அது. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும், என் சின்னம்மா கொழும்பில் வேலைக்கு நின்றவர்.

“உங்கட கடிதத்த வாசிச்சிட்டு நான் அழுதிட்டன் தம்பி. ஒஃபிஸில எல்லாருக்கும் குடுத்து வாசிக்கச் சொன்னன்.”

“அதில என்ட பெறுபேறும் இருக்கு மேடம். ஒப்பந்தச் சட்டத்தில...”

“ஓம், ஓம். தங்கச்சிக்கு என்ன வயசு?”

“பன்னிரண்டு.”

“ஐயோ பாவம்.”

கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் வீடு, எப்படித் தப்பினேன், அம்மா இப்போது எப்படி. சட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கடைசியில் நானே கேட்டேன்.

“பயிலுனர் இடம் மேடம்?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “இந்த வருஷத்துக்கு ஆக்கள் எடுத்தாச்சு தம்பி. லீவு நேரங்களில இஞ்ச வந்து வேல பழகின பிள்ளையளைத்தான் நாங்கள் எடுக்கிறது. நீங்கள் ஒரு லீவுக்கும் வரேல்லையே. லீவில என்ன செய்தனீங்கள்?”

“வேளாண்மை வெட்டினன்.”

அவர் அதற்கும் பாவம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். லீவில் வந்து பழகலாம் என்று எந்தப் பத்திரிகையிலும் அறிவித்தல் வந்ததில்லை. அது தகப்பன்மார் தொலைபேசியில் பேசி முடிக்கும் காரியம். சம்பளமில்லாமல் கொழும்பில் இரண்டு மாதம் தங்கி, கழுத்துப்பட்டி கட்டி, கோப்பு அடுக்கக் கூடியவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு. நான் அந்த மாதங்களில் அப்பாவோடு வட்டையில் நின்றேன். நின்றதால்தான் அடுத்த தவணைக்குக் கொழும்புக்கு வர முடிந்தது. இடம் முடிந்துவிட்டது என்றால் பிறகு ஏன் என்னைக் கூப்பிட்டார்?

அவர் மணியை அழுத்தினார். ஒருவர் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே திறந்திருந்த பெட்டியில் உடுப்புகள், கொப்பிகள், நீலக் கரடிப் பொம்மை ஒன்று.

“எல்லாரும் சேர்த்தது. உங்கட ஊர்ப் பிள்ளையளுக்கு.”

நான் வேலை கேட்டுப் போனேன். சுனாமி நடந்து நாலு வருஷம் முடிந்து ஐந்தாவது நடக்கிறது. இவர்கள் எனக்கு நிவாரணம் தருகிறார்கள். கோபம் வந்தது என்று எழுதுவது போதாது. காது இரண்டும் சுட்டது. அதைவிடக் கேவலமான ஒன்று, அந்தப் பெட்டியை வரவழைத்தது நானேதான். தங்கச்சியைக் காட்டிக் கேட்டேன், தங்கச்சியைப் பார்த்துத் தந்தார்கள்.

முகாமில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. இல்லை என்று யாராவது சொன்னால், அதை எழுதி வாங்காமல் எழும்பக் கூடாது. வாயால் சொன்ன இல்லைக்கு மேன்முறையீடு கிடையாது.

“இடம் இல்லை எண்டுறத எழுதித் தாங்க மேடம். காரணத்தோட.”

“அப்பிடியெல்லாம் எழுதிக் குடுக்கிற வழக்கம் இல்ல தம்பி.”

“அப்ப நான் வெளியில இருக்கிறன்.”

வரவேற்பறையில் மத்தியானம் தாண்டியும் இருந்தேன். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். அவர்களில் ஒருவர் என்னைக் காட்டி ஏதோ கேட்டபின்புதான் வரவேற்பறைப் பெண் ஒரு உறையைக் கொண்டுவந்து தந்தாள். இரண்டு வரி. இடங்கள் நிரம்பிவிட்டன, உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். லீவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை மட்டும் எழுத மாட்டார்கள், நன்றாகத் தெரியும். பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

பதிவுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஊருக்குப் போனேன். நிரந்தர வீட்டுத் திட்டத்தில் தந்த வீட்டின் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து, மட்டக்களப்பு நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் அறை வைத்திருக்கும் ஒரு சட்டத்தரணிக்குப் புதிய விண்ணப்பம் எழுதினேன். பரீட்சைப் பெறுபேறு முதலில். பிறகு, முகாமில் மரணப் பதிவுக்கும் காணி உரிமைக்கும் நான் எழுதிக் கொடுத்த சத்தியக் கடதாசிகள். அதுதான் என் வேலை அனுபவம். பதினொரு தடவை எழுதியும் அதை ஒரு தடவைகூட எழுதத் தோன்றவில்லை.

அம்மா பின்னால் நின்று பார்த்தார். வாசிக்கத் தெரியாது, ஆனால் எத்தனையோ படிவங்களில் பார்த்த ஒரு பெயரின் வடிவம் மட்டும் தெரியும்.

“தங்கச்சிர பேர் எங்க மனே?”

“இதுக்கு வேணாம்மா.”

“அவள விட்டா எப்பிடித் தருவாங்க?”

“தராட்டி விடட்டும்.”

தங்கச்சியைக் குடும்பத்திலிருந்தே வெட்டிவிட்டேன் என்பதுபோல அம்மா சோற்றைப் போட்டுவைத்துவிட்டு எழும்பிப் போனார். அந்தக் கோபத்துக்கும் நான் யாரைப் போய்ப் பிடிப்பது?

சட்டத்தரணி வெற்றிலை போட்ட வாயோடு ஒற்றைப் பக்கத்தை வாசித்தார். முகவரியில் அவர் கண் நின்றது.

“தேற்றாத்தீவா? கடற்கரைப் பக்கமோ?”

“ஓம் சேர்.”

“சுனாமியில வீட்டில ஆரும்...?”

ஓம் என்று சொல்ல ஒரு வினாடி போதும். சொன்னால் இடம் தந்துவிடுவார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. பதிவுக்கு நாலு நாள்தான் மிச்சம்.

“அது இதில இல்ல சேர். இதில இருக்கிறதக் கேளுங்க.”

வாயிலிருந்ததைத் துப்ப அவர் வெளியே போனார். வர நேரமெடுத்தது. நான் எழுந்து போகத் தயாராக நின்றேன். வந்தவர் தாளைத் திரும்ப எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

“வாய் பெரிசுதான். சரி, காணிப் பிரிவினை வழக்கில பிராது எழுதுவியோ?”

“எழுதுவன்.”

“இரி. இப்ப எழுது, பாப்பம்.”

ஒரு தாளும் பேனாவும் தள்ளினார். நான் இருந்து எழுதத் தொடங்கினேன்.