கரிமூக்கின் சிரிப்பு

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்குக் காக்கா அக்கா என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். தினமும் மாலை ஐந்தரை மணிக்குத் தொலைக்காட்சியில் ஓடிய கார்ட்டூன் ஒன்றில், கரிமூக்கு என்கிற காக்கைக் குஞ்சுக்குப் பதினொரு வருடம் குரல் கொடுத்தவர். பதிவு செய்தவன் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அப்படியே உட்கார்ந்து எனக்குத் தலை நரைத்துவிட்டது.

உள்ளே போகும் முன் வளையல்களைக் கழற்றி என் மேசைமேல் வைப்பார், மைக்கில் சத்தம் விழுமே என்று. பிளாஸ்கில் உப்புப் போட்ட வெந்நீர். மோவாயைக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு விரலால் தொண்டைத் தோலைக் கிள்ளிப் பிடித்தால் கரிமூக்கு வந்துவிடும். பேச்சுகூடப் பெரிதில்லை, சிரிப்புதான். நாமெல்லாம் மூச்சை வெளியே விட்டுச் சிரிப்போம். அவர் உள்ளே இழுத்துச் சிரிப்பார். முதல் நாள் அவருக்குக் கடுமையான சளி. சிரிக்கப் போன இடத்தில் மூச்சு உள்ளே போய், விக்கலும் விசிலும் கலந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. "ஐயோ, இன்னொரு தடவை எடுத்துடலாம் தம்பி" என்றார். "சும்மா இருங்கக்கா, இதான் குஞ்சு" என்றேன். அப்புறம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளெல்லாம் அப்படிச் சிரிக்கிறேன் என்று இருமிக்கொண்டு திரிந்தன.

தொடரில் குரல் கொடுப்பவர்களுக்குப் பெயர் போடமாட்டார்கள். கதை முடிந்ததும் விளம்பரம் வந்துவிடும். அக்காவின் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு யார் வந்தாலும், "இவ தினம் டிவில வர்றா, ஆனா வரமாட்டா" என்று சொல்லி அவரே சிரிப்பார். "காக்கா கத்துறதுக்குப் பேர் வேற போடுவாங்களாக்கும்!" என்பார். அக்காவும் கூடச் சிரிப்பார். அது அவருக்கு எவ்வளவு சுட்டது என்று எனக்குத் தெரியும். என்றாவது ஒரு நாள் தன் பெயரை அந்த மனிதர் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் அக்கா ஆசைப்பட்டது.

கரிமூக்கு சினிமாவாகிறது என்று தயாரிப்பாளர் வந்து சொன்ன அன்று, அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சினிமான்னா கடைசில எல்லார் பேரும் போடுவாங்கல்ல தம்பி?"

"போடுவாங்கக்கா. டீ குடுத்தவர் பேர் வரைக்கும் போடுவாங்க" என்று நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லித் தொலைத்தேன்.

பதிவு தொடங்குவதற்கு முந்தின நாள் தயாரிப்பாளர் என்னை நடைவழியில் நிறுத்தினார். "அக்கா பேசறது ட்ராக்குக்குத்தான். பாட்டுக்கு முதல்ல யாராவது பாடி வைக்கிற மாதிரி. அப்புறம் நடிகை வந்து அதக் கேட்டுப் பேசிடுவாங்க. போஸ்டர்ல முகம் வேணும்ல? அக்காகிட்ட இப்ப மூச்சு விடாத. தெரிஞ்சா மனசு விட்டுடும், பேச்சு சப்புனு போயிடும்."

நான் சொல்லவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம், வேறென்ன? கோழை. இதைவிடக் கெட்ட வார்த்தையெல்லாம் என்னை நானே திட்டிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஆறவில்லை.

மூன்று நாள் அக்கா உயிரைக் கொடுத்துப் பேசினார். குஞ்சு கூட்டைத் தொலைத்துவிட்டு அழும் காட்சியில் நான் பதிவை நிறுத்தவே மறந்துவிட்டேன். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கணவர் புதுச் சட்டை எடுத்தார். மகள், மருமகன், தங்கை குடும்பம் எல்லோரையும் கூட்டி வைத்து, "படம் முடிஞ்சதும் எவனும் எந்திரிக்கக் கூடாது. நம்ம ஸ்டாப் வந்த பிறகுதான் இறங்கணும், சொல்லிட்டேன்" என்று உத்தரவு போட்டாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து நடிகை வந்தார். பேச்சு எப்படியோ ஒப்பேறியது. சிரிப்புதான் வரவில்லை. "அந்த அக்காவக் கூப்பிடு, வந்து சொல்லிக் குடுக்கட்டும்" என்றார் தயாரிப்பாளர். நான் போன் செய்தேன். "ஒரு சின்ன வேலை இருக்குக்கா."

"திருத்தமா தம்பி? அந்த அழுகைல ஒரு வார்த்தைய முழுங்கிட்டேன்னு நானே நெனச்சேன். இதோ வந்துட்டேன்."

வந்தார். வளையல்களைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். பிறகுதான் நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவர் இடத்தில் வேறொருவர் நின்றிருந்தார். ஸ்பீக்கரில் முதலில் அக்காவின் வசனம் ஓடியது. அது நின்றதும் நடிகை அதையே சொன்னார்.

"அப்ப நான் பேசுனது?"

"ட்ராக்குக்கா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து நடிகை சிரித்தார், மூச்சை வெளியே விட்டு, ஹஹஹா என்று. "ஐயையோ, குஞ்சு இப்படிச் சிரிக்காதே!" என்று அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டது. இழுத்து இழுத்து இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, "எனக்கு வரலக்கா, மன்னிச்சுடுங்க" என்றது. தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "வர்ற மாதிரியே சிரிங்க மேடம். யாருக்குத் தெரியப் போகுது?"

வீட்டில் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. எல்லோரும் படத்துக்குப் போனார்கள். எனக்கு மனசு கேட்காமல் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். குஞ்சு வாயைத் திறந்ததும், "கரிமூக்குக்கு என்னம்மா ஆச்சு?" என்று ஒரு குழந்தை கேட்டது. பத்து நிமிடத்தில் அதுவும் பழகிப்போய்க் கைதட்டிச் சிரித்தது. அக்காவின் கணவர் இரண்டாவது வசனத்திலேயே திரும்பி அக்காவைப் பார்த்தார். பிறகு திரும்பவே இல்லை.

படம் முடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை, அதனால் அந்த வரிசையில் யாரும் எழுந்திருக்கவில்லை. பெயர்கள் ஓடின. கார் ஓட்டியவர், கணக்கு எழுதியவர், டீ கொடுத்தவர் பெயர் நிஜமாகவே வந்தது. விளக்குப் போட்டார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரொம்ப வேகமா ஓடுது, என் கண்ணுதான் பிடிக்கல. வந்திருக்கும்" என்றார் அந்த மனிதர். அதற்குப் பிறகு அவர் கிண்டல் செய்வதையே விட்டுவிட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை என்று அக்கா என்னிடம் சொன்னார்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. உடனே தொடரின் புதிய பாகம் வந்தது. தயாரிப்பாளர் அக்காவை வரச் சொன்னார். எனக்கு மனசு குளிர்ந்தது. குஞ்சு தாயிடமே வந்துவிட்டது என்று நினைத்தேன், மடையன்.

"பிள்ளைங்களுக்கு இப்ப படத்துல வந்த குரல்தான் பழக்கம்" என்றார் தயாரிப்பாளர். "நடிகை டிவிக்கெல்லாம் வரமாட்டாங்க. நீங்க அவங்க மாதிரியே பேசிடுங்கக்கா."

அக்கா வளையல்களைக் கழற்றினார். "போடு தம்பி. அந்தப் பொண்ணு எங்க மூச்சு விடுதுன்னு கேட்டுக்கறேன்."

நான் போட்டேன். நாலைந்து தடவை கேட்டார். பேச்சு சரியாக வந்தது. சிரிப்பு வந்த இடத்தில் அவரை அறியாமல் மூச்சு உள்ளே போய்விட்டது.

"பழைய சிரிப்பு வந்துடுச்சுக்கா" என்றார் தயாரிப்பாளர். என் பக்கம் திரும்பி, "அதை அழிச்சிடு" என்றார்.

அழித்தேன். மறுபடியும் உள்ளே போனது. அழித்தேன். மூன்றாவது தடவை அக்கா ஒரு கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஹஹஹா என்று வெளியே சிரித்தார்.

"ஓகே!"

அக்கா வெளியே வந்து வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். "நல்லா இருந்துச்சா தம்பி?"

"இருந்துச்சுக்கா" என்றேன். இந்தத் தடவை நான் எதையும் மறைக்கவில்லை. அச்சு அசலாக அந்தப் பெண் மாதிரியேதான் இருந்தது.