நான் அழாத அழுகை

என் கணவர் இறந்த அன்று நான் அழவில்லை. லோடு ஏற்றிக்கொண்டு போன அவருடைய வண்டி, வேப்பூர் தாண்டி ரோட்டோரம் நின்றிருந்த லாரியில் மோதியது. மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொடுத்தார்கள். வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, பந்தல்காரர் நாற்காலி கொண்டுவந்துவிட்டாரா என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தேன். ஒரே பக்கமாகப் படுத்தால் கை மரத்துப்போகுமே, அப்படி முகம் மரத்திருந்தது.

சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னார்: “கல்லு மாதிரி நிக்கிறா பாரு. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா?”

காரியம் முடிந்து போனவர் அதன்பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் மகள் பெரியவளானபோது அத்தை சீர் இல்லாமலேயே தண்ணீர் ஊற்றினோம்.

நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சூளைக்குப் போகும் முன் பியூஸ் கட்டைகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மண் பிசிறை ஈரப் பஞ்சால் துடைப்பது என் வேலை. போன வருஷம் அங்கே சினிமா எடுக்க வந்தார்கள். நிஜமான தொழிலாளிகளே நடிக்க வேண்டும் என்று டைரக்டர் ஆசைப்பட்டார். சின்ன வயசுக்காரர், தன்மையாகப் பேசினார். ஒவ்வொருவரிடமும் அவரவர் வாழ்க்கையைக் கேட்டார். நானும் என் கணவர் இறந்ததைச் சொன்னேன், நாற்காலி விசாரித்தது உட்பட.

“இதையே கேமரா முன்னாடி சொல்லுங்கம்மா. சொல்லும்போது அழுதீங்கன்னா போதும்” என்றார்.

ஏழெட்டுத் தடவை சொன்னேன். வரவில்லை. கண்ணில் கிளிசரின் விட்டார்கள். தண்ணீர் கொட்டியது, முகம் அசையவில்லை.

“பரவால்லம்மா. உங்க முகத்தையும் குரலையும் மட்டும் குடுங்க. மிச்சத்த ஏஐல பண்ணிக்கலாம்.”

“அப்படின்னா என்னாங்க?”

“கம்ப்யூட்டரே உங்கள அழ வச்சிரும்.”

வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்கள். வாயைத் திற, புருவத்தைத் தூக்கு, இந்தத் தாளைப் படி என்றார்கள். கடைசியில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் கட்டை துடைக்கப் போனேன்.

படம் வந்ததும் கம்பெனிப் பெண்கள் எல்லோரும் தியேட்டருக்குப் போனோம். பக்கத்தில் என் மகள். திரையில் நான் பேசத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன். கீழுதடு நடுங்கியது. பிறகு மார்பில் அடித்துக்கொண்டு, “என்ன வுட்டுட்டுப் போயிட்டியே” என்று கதறினேன். என் குரலேதான். ஆனால் என் கணவரை நான் ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. நாற்காலி விசாரித்ததை எடுத்துவிட்டிருந்தார்கள். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தெருவில் போகிற யாரையோ பார்ப்பதுபோல நான் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எப்பம்மா இப்படி அழுத?” என்று மகள் காதோரம் கேட்டாள்.

“நான் அழுவல” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து நின்றார். யாரோ போனில் அந்தக் காட்சியைக் காட்டியிருக்கிறார்கள். செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

“இவ்ளோத்தையும் மனசுலயே வச்சிருந்தியா? நான் ஒரு பாவி, வாய்க்கு வந்தத பேசிட்டேனே. என் தம்பிக்காக இப்படி அழுதிருக்கியே, இப்பதான் எனக்கு நெஞ்சு ஆறுது.”

அவர் உடம்பு குலுங்கியது. என் தோள் நனைந்தது. மகள் வாயைத் திறந்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். ஏன் தடுத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. சொல்லியிருந்தால் அவர் மறுபடி போயிருப்பார் என்பது மட்டும் தெரிந்தது.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறார். மகளுக்கு வளையல், எனக்கு முறுக்கு. அக்கம்பக்கத்தாருக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுகிறார். சத்தம் வரும்போது நான் சமையலறையில் ஏதாவது செய்துகொண்டிருப்பேன்.

“அத்தகிட்ட சொல்லிடலாம்மா” என்று மகள் ஒருநாள் சொன்னாள். “பொய்தான அது?”

“கதை நான் சொன்னதுதான” என்றேன். அது பதிலாக எனக்கே தோன்றவில்லை.

இந்த வருஷத் திதிக்கும் நாத்தனார் வந்தார். தம்பியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ அழுது முடிச்சிட்ட. எனக்குத்தான் இன்னும் தீரல.”

“சாப்புட வாங்க அண்ணி” என்றேன். இலை போட்டேன். சோறு, சாம்பார், வடை எல்லாவற்றையும் வரிசையாகப் பரிமாறினேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.