காற்று போக வழி

பெரிய கட்டடங்களில் ஏசி எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியைத் தாண்டி அவர்களுக்கு எதுவும் தெரியாது. எங்கள் வேலை அதில் இல்லை. மொட்டை மாடியில் ஒரு பெரிய இயந்திரம் காற்றைக் குளிர வைத்து டக்ட் வழியாகக் கீழே அனுப்பும். ஒவ்வொரு அறைக்கும் முன்னால், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, ஒரு தகரப் பெட்டி தொங்கும். விஏவி பாக்ஸ் என்போம். அதற்குள் ஒரு தகடு உண்டு. அறைச் சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட் சொல்கிறபடி அந்தத் தகடு திறக்கும், மூடும். இந்தப் பெட்டிகளை மாட்டுவதும், மக்கர் பண்ணினால் ஏறிப் பார்ப்பதும்தான் எங்கள் பிழைப்பு. எங்கள் என்றால், நானும் என் கூட்டாளியும்.

அவனுக்குச் செய்யூர்ப் பக்கம். வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம்; அவன் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. நான் செங்கல்பட்டு பஜாரில் வளர்ந்த முஸ்லிம். அவன் என்னைப் பாய் என்பான், நான் அவனை மச்சான் என்பேன். அவனுக்கு ஒல்லி உடம்பு, சீலிங்குக்குள் எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான். எனக்குத் தொப்பை. அதனால் எப்போதும் அவன் மேலே, நான் கீழே. ஒரு குச்சி நுனியில் டிஷ்யூ பேப்பரைக் கிழித்துக் கட்டி, காற்று வரும் கிரில்லுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"இன்னா பாய், ஆடுதா?" என்று மேலேயிருந்து குரல் வரும்.

காற்றை அளக்கக் கருவி எங்களிடம் இருந்தது. ஆனாலும் பேப்பர் ஆடுகிறது என்று நான் சொன்னால்தான் அவன் இறங்குவான்.

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ஓட்டல். அங்கே உப்புக் காற்று பட்டுத் தகட்டின் கம்பியெல்லாம் துருவேறிவிடும். ஒருநாள் சாப்பாட்டு ஹாலில் காற்றே வரவில்லை என்று கூப்பிட்டார்கள். துருதான் என்று நான் தகட்டைத் திருப்பும் மோட்டாரைக் கழற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். அவன் மேலே ஏறவே இல்லை. ஹாலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தான். புதிதாக ஒரு தடுப்புச் சுவர் எழுப்பியவன் தெர்மோஸ்டாட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், சாமான் அறையில் விட்டுவிட்டிருந்தான். சாமான் அறை சில்லென்று இருந்ததால் பெட்டி தகட்டை மூடிக்கொண்டது. இந்தப் பக்கம் ஹால் வெந்துகொண்டிருந்தது.

"பொட்டி மேல தப்பு இல்ல பாய். எப்பப் பாத்தாலும் ஸ்பேனரத் தூக்கிகினு வந்துடற. மொதல்ல சுத்திப் பாரு" என்றான்.

எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். அவனுக்கு அது வராது. இப்படித்தான் இத்தனை வருஷமும் ஓடியது.

அவன் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டது. முந்தின நாள்தான் ஏணியை யார் தூக்குவது என்று என்னோடு மல்லுக்கு நின்றான்.

அவனுக்கு ஒரே மகள். குவைத்தில் நர்ஸாக இருக்கிறாள். விடுப்பு கிடைத்து, விமானம் கிடைத்து அவள் வந்து சேர செவ்வாய்க்கிழமை காலை ஆகும் என்றார்கள். போனில் அவள் என்னிடமும் பேசினாள். "நான் வர்ற வரைக்கும் அப்பாவ வெச்சிருங்க பாய் மாமா. ஒரே ஒரு தபா மூஞ்சப் பாத்துடறேன்" என்றாள். சரிம்மா என்றேன். அவளுக்கு வேறென்ன சொல்ல முடியும்?

எங்களில் மையத்தை, இறந்தவர் உடலை, காக்க வைப்பதில்லை. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அடக்கிவிடுவோம். அதனால் வாடகைக்கு வந்த ஐஸ் பெட்டியும், அதன் கண்ணாடி மூடிக்கு அடியில் அவன் கிடந்ததும் எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அவன் தம்பி வெளியே வந்தான். "பாய், பொட்டி கூலிங் ஆவல. கண்ணாடி உள்ளாற வேர்க்குது. பொட்டிக்காரனுக்கு போன் போட்டா, மதுராந்தகத்துல கீறேன், சாய்ங்காலம் வர்றேன்றான். நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

அந்தத் தம்பிமேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கூட்டாளியை உள்ளே வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியை நான் பிரிக்க வேண்டுமா? ஆனால் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கேட்டது அந்த ஒன்றைத்தான். போனேன்.

கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடும், சூடேறி நிற்கும், மறுபடி உறுமும். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வாங்கிவிட்டேன். மச்சானாக இருந்தால் அதைக் கீழே வைக்கச் சொல்லியிருப்பான். வைத்தேன். சுற்றிப் பார்த்தேன்.

ஆட்கள் உட்கார இடம் வேண்டும் என்று பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தார்கள். கால்மாட்டில் சூட்டுக் காற்று வெளியே போகும் சல்லடை இருக்கும். அதில் பாதியை மாலைகள் மூடியிருந்தன. மீதிப் பாதியில் அவன் மனைவி முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் பெட்டி வந்ததிலிருந்து அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள்.

"தங்கச்சி, கொஞ்சம் அந்தாண்ட நவுரும்மா."

"நான் எங்கயும் வர மாட்டேன் அண்ணா. என்ன வுட்டுடு."

பக்கத்திலிருந்த ஒரு பெண்மணிக்குப் பொறுக்கவில்லை. "அவள ஏன் பாய் பேஜார் பண்ற? புருஷன்கிட்ட குந்திகினு கீறா, குந்தட்டுமே!"

"குந்தட்டும். இந்த எடத்துல குந்தினா அவ பொண்ணு வர்ற வரைக்கும் அவன் மூஞ்சி தாங்காது" என்று கத்திவிட்டேன்.

செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவன் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழாமல், தரையிலேயே கையூன்றி நகர்ந்து தலைமாட்டுக்குப் போனாள். அவள் ரவிக்கையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. கழுத்துக்குக் கீழே தோல் சிவந்து கிடந்தது. அவ்வளவு சூட்டுக் காற்று முதுகில் அடித்தும் அவளுக்கு உறைக்கவில்லை.

மாலைகளை எடுத்து அந்தப் பக்கம் போட்டேன். தம்பியும் நானும் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தோம். கம்ப்ரசர் ஆறட்டும் என்று கொஞ்சம் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி போட்டோம். சட்டைப் பையில் கிடந்த டிஷ்யூவைக் கிழித்துச் சல்லடைக்கு முன்னால் பிடித்தேன். படபடவென்று ஆடியது. ஆடுது மச்சான் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்க ஆளில்லை.

சாயங்காலத்துக்குள் கண்ணாடி தெளிந்தது. நான் அந்தச் சல்லடைப் பக்கமே நாற்காலியைப் போட்டுக் காவல் உட்கார்ந்துவிட்டேன். மாலையோடு வந்த ஒவ்வொருவரையும் தலைமாட்டுப் பக்கம் போகச் சொல்லி விரட்டினேன். "பாய்க்கு மால போடறதே புடிக்கல போல" என்று யாரோ முணுமுணுத்தார்கள். என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை மகள் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தாள். தோள் பையைக்கூடக் கழற்றவில்லை. மூடியைத் தூக்கினோம். முகம் கெடவில்லை; தூங்குகிறவன்போல்தான் இருந்தான். அலறப் போகிறாள் என்று எல்லோரும் அவளைப் பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றார்கள். அவள் அலறவில்லை. இரண்டு கையாலும் அப்பாவின் கன்னத்தைப் பொத்தினாள். அப்படியே வைத்திருந்தாள். பிறகு திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

"பாய் மாமா, அப்பா ரொம்ப சில்லுனு கீறாரு. நிறுத்திடுங்க மாமா."

அவள் நர்ஸ். சில்லிட்ட உடம்பு எத்தனையைத் தொட்டிருப்பாள். அடக்கம் சாயங்காலம்தான், அதுவரை ஓட வேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். குனிந்து சுவிட்சை அணைத்தேன். கம்ப்ரசர் ஒருமுறை உதறி நின்றது. முந்தின நாளிலிருந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு, ஓடுகிறது, ஓடுகிறது என்று, ஏதோ அவனையே காப்பாற்றிக்கொண்டிருப்பதுபோல் இருந்திருக்கிறேன். அது நின்ற பிறகுதான் அழுதேன்.