கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளை

2006 ஆடி மாதத்தில் முதலில் அதைப் பார்த்தேன். வலது கண்ணின் வெளி ஓரத்தில், வெள்ளை விழியின்மேல் ஒரு சிறு புள்ளி. சோப்பு நுரை உலர்ந்ததுபோல் இருந்தது. டைரியில் "கண்ணில் பஞ்சு" என்று எழுதினேன்.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் பழுது பார்த்து ஒதுக்கும் செக்கிங் வேலை எனக்கு. அங்கே கண்ணில் பஞ்சு விழுவது அன்றாடம் நடப்பது. பக்கத்தில் நிற்பவர் வேஸ்ட் துணியின் நுனியை முறுக்கி எடுத்துவிடுவார். என்னோடு வேலை செய்யும் சரஸ்வதியும் அப்படித்தான் எடுக்கப் பார்த்தாள்.

"அசையாதீங்கக்கா. வரவே மாட்டேங்குது."

"மெதுவாடி, முழியைப் பேத்துராத."

"பேத்தா டேமேஜ் பீஸ்னு ஒதுக்கி வெச்சுரலாங்க்கா."

சிரித்தோம். மூன்று வாரம் தினமும் துடைத்தோம். மறுநாளும் அது அங்கேயே இருக்கும். இடது கண்ணிலும் வந்தது. பொழுது சாய்ந்தால் வாசற்படி தெரியவில்லை. வயதாகிறது என்று நானும் கணவரும் விட்டுவிட்டோம்.

இடது கண் கூசி மங்கிய பிறகுதான் கண் மருத்துவரிடம் போனோம். அவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

அன்றாடம் உண்பதை எழுதும் வழக்கம் எனக்கு. டைரியைக் கொடுத்தேன். மூன்று வருடத்துக்கு முன் கணைய அழற்சி (கணையம் வீங்கிப் புண்ணாவது) வந்தபோது எண்ணெய், பால், முட்டையை மூன்று மாதம் நிறுத்தச் சொன்னார்கள். வலி திரும்பும் என்ற பயத்தில் மூன்று வருடமும் நான் தொடவில்லை. கீரையையும் விட்டேன். தாளிக்காத ரசமும் சோறும்தான்.

அவர் பக்கங்களைப் புரட்டினார்.

"ரொம்ப ஒழுங்கா பட்டினி கெடந்திருக்கீங்கம்மா. இது பஞ்சு இல்லை. உங்க கண்ணோட மேல்படலமே காஞ்சு இப்படி ஆயிருக்கு."

வைட்டமின் ஏ குறைந்தால் வெண்படலம் (வெள்ளை விழியை மூடிய ஈரமான சவ்வு) வெளித்தோல்போல் வறண்டு தடிக்கிறது. அந்த நுரைக்குப் பிட்டாட் புள்ளி என்று பெயர். பொழுது சாய்ந்தால் கண் தெரியாததும் அந்தக் குறைவால்தான். அடுத்து கருவிழி வறளும். கவனிக்காவிட்டால் கரைந்தும் போகும். என் இடது கருவிழியில் புண் தொடங்கியிருந்தது.

"ஏனுங் டாக்டர், பார்வை போயிருமுங்களா?" என்று கேட்டார் என் கணவர்.

"வலது கண்ணு தப்பிச்சுரும். இடது கண்ணைப் பத்தி இப்பச் சொல்ல முடியாதுங்க. இன்னைக்கே ஊசி போடணும்."

அன்றும் மறுநாளும் பதினைந்தாம் நாளும் ஊசி போட்டார்கள். பழுதான கணையத்துக்குத் துணையாக, கொழுப்பைச் செரிக்கவைக்கும் மாத்திரையோடு முட்டையும் பாலும் சாப்பிடச் சொன்னார்கள். முதல் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பத்தியம் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அது என்றைக்கு முடிகிறது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். அளவு மிஞ்சினால் ஈரல் கெடும். கருவில் இருக்கும் குழந்தைக்கும் ஆகாது.

வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் புண் ஆறி, வெள்ளைத் தழும்பு தங்கிவிட்டது. அந்தக் கண்ணோடு செக்கிங் பார்க்க முடியாது என்று பேக்கிங்குக்கு மாற்றினார்கள். "நானே தேச்சுத் தேச்சுப் புண்ணாக்கிட்டனுங்கக்கா" என்று சரஸ்வதி அழுதாள். அவள் துடைக்காவிட்டாலும் அது வந்திருக்கும் என்றேன். அவள் நம்பவில்லை.

இப்போது இடப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எனக்குச் சற்றுத் தாமதமாகவே வந்து சேர்கிறார்கள். தலையைத் திருப்பி, பார்த்து, அதன் பிறகே அவர்கள் தருவதை வாங்கக் கையை நீட்டுகிறேன். அதற்குள் ஒருமுறை இமை மூடித் திறக்கிறது. உள்ளே ஈரம் இருக்கிறது. முன்பெல்லாம் அதை உணர்ந்ததில்லை.