தேற்றாத்தீவு பஸ்ஸில் வழங்கும் ரைட்

1938 சனவரி 12, புதன்கிழமை, காலை 6.40. தூறல், வாவியிலிருந்து வாடைக்காற்று. என் மகன் தேற்றாத்தீவில் பெண் கட்டி, நம் பகுதி வழக்கப்படி மனைவி வீட்டில் வாழ்கிறான். அவனைப் பொங்கலுக்கு அழைத்துவரக் கல்லடியில் பஸ் ஏறினேன். தூரம் பதினான்கு மைல், கட்டணம் இருபத்தைந்து சதம். பஸ் என் சம்பந்தி போடியாருடையது; பெரிய வயல்காரரை இங்கே அப்படித்தான் அழைப்போம். அவருக்கு ஏ, பி தெரியாது. ஆனால் பஸ் இரண்டு இருக்கின்றன.

முப்பத்தொரு ஆண்டு ஆங்கிலம் கற்பித்தவன் நான். 'ரைட்' என்றால் வலப்பக்கம், சரி, உரிமை என்று மூன்று பொருள் சொல்லிக்கொடுத்தேன். இந்தப் பஸ்ஸில் பாடமே வேறு. கண்டக்டர் 'ரைட்' என்றால் வண்டி புறப்படும். சில்லறை கைக்கு வந்தாலும் ரைட். காத்தான்குடியில் ஏறிய துணி வியாபாரி ஒருவர் எதிர்க்கடைக்காரரைப் பற்றிச் சொன்னார்:

"அவன்ட யாவாரம் ரைட்டு, தம்பி. கடையப் பூட்டிட்டான்."

"அப்ப உங்கட பாடு ரைட்தானே, காக்கா!" என்றான் கண்டக்டர், அந்த முஸ்லிம் அண்ணனிடம். பஸ் முழுவதும் சிரித்தது. ஆரையம்பதி வருமுன் பதினேழு 'ரைட்' எண்ணிவிட்டேன். ஒருவரும் பொருளில் தடுமாறவில்லை.

"இத ஆர் பழக்கினது?" என்று கேட்டேன்.

"போடியார்தான், மாஸ்டர். அவர்ர வாயில எப்பவும் அதுதான்."

அதற்குமேல் எண்ண மனம் வரவில்லை.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு இறங்கினேன். மகன் முற்றத்தில் மாமனாருடன் நெல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ரைட்டா, மாமா?"

"ரைட், மனே!"

என் வீட்டில் நான் பத்து வார்த்தை சொன்னால் அவனிடமிருந்து ஒன்று வரும். இங்கே அவர் 'மகனே' என்கிறார், அவருடைய சொல்லையே அவனும் பேசுகிறான். வெற்றிலைத் தட்டம் வருமுன்பே, "போடியார், இவனப் பொங்கலுக்குக் கூட்டிப்போகவா?" என்று கேட்டுவிட்டேன்.

வீடும் வட்டை வயலும் பெண்வழி வரும் ஊரில், கேட்கவேண்டியது ஆணிடமல்ல. நானும் மனைவி வீட்டில் வாழ்ந்தவன்தான். எரிச்சலில் அது மறந்துபோயிற்று. போடியார் அடுக்களைப் பக்கம் பார்த்தார். சம்பந்தியம்மா வெளியே வந்தார்.

"இதென்ன கத, அண்ணே! கல்லடி வீட்ட உங்கட மகளுக்குக் குடுத்தாச்செல்லா? அங்க இவரும் விருந்தாளி, நீங்களும் விருந்தாளி. ரெண்டு பேரும் இஞ்சயே நிண்டு பொங்குங்க."

மகன் முகத்தைப் பார்த்தேன்.

"ரைட், மாமி," என்றான். பிறகு என்னிடம், "நில்லுங்களன், அப்பா."

நிற்கவில்லை. பத்தே கால் பஸ்ஸில் ஏறினேன். "மாஸ்டரிட்டக் காசு எடுக்காத!" என்று போடியார் கண்டக்டருக்குக் கத்தினார். அவன் கையைப் பிடித்துக் காசைத் திணித்தேன். மகனுக்கென்று நினைத்திருந்த பக்கத்து இருக்கையில் குடையை வைத்து, கல்லடிவரை யாரையும் உட்கார விடாமல், அதற்கும் கட்டணம் கொடுத்தேன். போக இருபத்தைந்து, வர ஐம்பது. ஆக எழுபத்தைந்து சதம்.